சில்லில் கட்டிய ஈயம்

கிட்ட வாருங்கள், பிள்ளைகளே. கதவை இழுத்துச் சாத்திவிட்டு அந்த ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்துகொள்ளுங்கள். சொக்ஸ் ஈரமென்றால் கழற்றி அதன்மேல் போடுங்கள், காய்ந்துவிடும். தேத்தண்ணி ஊற்றி வைத்திருக்கிறேன். குடித்துக்கொண்டே கேளுங்கள், ஒரு கதை சொல்கிறேன். பேயும் வராது, ராசாவும் வரமாட்டார். நாலு ரயரும் கொஞ்சம் ஈயமும்தான் வரும். ஆனால் ஒரு மனிதன் எவ்வளவு தூரம் சந்தேகப்படலாம் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் எடுத்துச் சொல்வேன். பாதியை என் குசினி யன்னலால் நானே கண்டேன். மீதியைச் சிசிலி வந்து சொன்னாள்.

அப்போது நான் கியூபெக்கில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற இடத்தில், ஒரு மூன்று தட்டு வீட்டில் இருந்தேன். கீழே மகேந்திரராசாவும் அவர் மனைவி புஷ்பவதியும். நடுவில் நான். மேலே எமிலியானுஸும் சிசிலியும். பின்பக்கத்து ஒழுங்கையில் இரண்டு கார் நிற்க இடம் உண்டு. மகேந்திரராசாவின் வெள்ளைக் காரும் எமிலியானுஸின் சாம்பல் காரும் அங்கே பக்கம் பக்கமாய் நிற்கும். இரண்டும் ஒரே சாதிக் கார், ஒரே வருடத்தது. மகேந்திரராசா வாங்கி, அது ஆறு மாதம் ஒரு சத்தமும் போடாமல் ஓடியதைப் பார்த்த பிறகுதான் எமிலியானுஸ் அதேபோல் ஒன்றை வாங்கினான்.

எமிலியானுஸ் மன்னார்ப் பக்கம், பேசாலைப் பிள்ளை. தகப்பன் கடலுக்குப் போனவர். இவனுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. நல்லவன், பூசைக்குத் தவறாதவன். ஆனால் பால் பெட்டியைத் திறக்க முன்னர் ஒருமுறை மணந்து பார்ப்பான், திறந்த பிறகு ஒருமுறை மணந்து பார்ப்பான். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பான். படியால் பாதி இறங்கிப் போய், திரும்பி ஏறி வந்து நாலாம் தரம் இழுப்பான். நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வளர்ந்தவன். சும்மா கிடக்கிற பொதியைத் தொடாதே, வாகனத்துக்குக் கீழே குனிந்து பார், சிரிக்கிறவனை இரண்டு தரம் பார் என்று பழகித்தான் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தான். இங்கே வந்தபிறகு, இனிக் காணும் தம்பி, பயந்தது போதும் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இது நடந்தது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. உங்களில் வயது வந்தவர்களுக்கு நினைவிருக்கும். டிசம்பர் பதினைந்துக்குள் எல்லாக் காருக்கும் குளிர்கால ரயர் பூட்டவேண்டும் என்று கியூபெக்கில் சட்டம் வந்த முதல் வருடம். அதே பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, எமிலியானுஸின் அக்கா அக்னெஸ் வந்து இறங்க இருந்தாள். தாயில்லாத பிள்ளையான இவனை வளர்த்தவள். பதினேழு வருடத்துக்கு முன்னர் இவன் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, "அக்கா, உன்னை ஒருநாள் நானே என்ர காரில ஏத்துவன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். சைக்கிள்கூடச் சொந்தமாக இல்லாதவன் சொன்ன சொல். பிறகு பதினேழு வருடம் மற்றவர்களின் அக்காமாரின் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தான். இப்போது தன் அக்கா வருகிறாள். அவளைத் தன் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அவனுக்கு அந்த மாதம் முழுக்க வேறு நினைவே இல்லை.

"டக்ஸி பிடிப்பமே?" என்று சிசிலி ஒருநாள் கேட்டாள்.

"டக்ஸியோ? பதினேழு வருசம் அங்க என்ன செய்தனி எண்டு கேப்பா. நான் என்னத்தைச் சொல்லுறது?"

அதோடு அந்தக் கதை முடிந்தது.

நவம்பர் கடைசியில், முதல் பனி தூவிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, மகேந்திரராசா ஒழுங்கையில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். அவருக்கு அறுபது வயது, யாழ்ப்பாணம், கைவேலை தெரிந்தவர். தன் காருக்கு ரயர் மாற்றி முடித்து ஜாக்கியும் கையுமாக நின்றார்.

"எமில்! ரயரை இறக்கு. கையோட கையா உன்ர காருக்கும் மாத்திவிடுறன். இருவது நிமிச வேலை."

"வேண்டாம் அண்ணை. நான் பாத்துக்கொள்ளுறன்."

"போன வருசம் நான்தானே பூட்டினனான்? ஏப்ரலில கழட்டினதும் நான்தானே?"

"ஓம் அண்ணை. இந்த முறை நானே செய்யப்போறன்."

மகேந்திரராசா ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். எமிலியானுஸ் பல்கனியில் நின்றபடி அவர் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் வேண்டாமெண்டனீங்கள்?" என்றாள் சிசிலி.

"கவனிச்சனியோ? செப்ரெம்பரில அவற்ற தம்பிக்கு விசா இல்லையெண்டு கடிதம் வந்தது. அண்டையில இருந்து மனுசன் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. படியில கண்டால் தலையைக் குனியுறார். எங்கட அக்காக்கு மட்டும் கிடைச்சிட்டுது. எரிச்சல் இருக்காதோ? இப்பிடி இருக்கிற மனுசன் திடீரெண்டு வந்து ரயர் மாத்தித் தாறன் எண்டுது. அதுவும் சும்மா."

"பதினாறு வருசமாச் சும்மாதானே செய்யுறார்."

"அதுதான் எனக்கும் யோசினை," என்றான்.

சரி, அப்படியென்றால் கராஜுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். கராஜ்காரன் நல்ல ரயரைக் கழற்றிவிட்டுத் தேய்ந்ததைப் பூட்டிவிடுவானாம். இனி மிஞ்சியது அவன் ஒருவன்தான்.

ரயர் நாலும் இரும்புச் சில்லோடு சேர்த்துப் பல்கனியில் கிடந்தன. அரிசிச் சாக்கால் மூடி, சங்கிலி போட்டு, பூட்டும் போட்டு. பூட்டின் திறப்பு மாதா சுரூபத்துக்குப் பின்னால். அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே உருட்டி வந்தான். முதலில் காற்றுப் போகிறதா என்று பார்க்க வேண்டுமல்லவா? ஊரில் சைக்கிள் ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி பார்ப்பார்கள். இவன் குளியல் தொட்டியை நிரப்பி, ரயரை அதற்குள் இறக்கி, சட்டையைக் கழற்றிவிட்டு மேலே குனிந்துகொண்டான். ஒரு ரயருக்கு அரை மணித்தியாலம். குமிழி ஒன்றும் வரவில்லை. தொட்டிதான் கறுத்துப் போனது. சிசிலி மூன்று நாள் உரஞ்சினாள்.

அடுத்தது நிறை. குளியலறைத் தராசில் தான் மட்டும் ஏறி ஒருமுறை பார்த்தான். பிறகு ரயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி ஒருமுறை பார்த்தான்.

"என்னை ஒருநாளும் உப்பிடிக் கட்டிப்பிடிச்சதில்லை," என்றாள் சிசிலி வாசலில் நின்று.

"பகிடி விடாத. இலக்கத்தைப் பார். குனிஞ்சால் எனக்குத் தெரியுதில்லை."

மூன்று ரயர் ஒரே நிறை. நாலாவது அரை இறாத்தல் கூட.

எமிலியானுஸ் ரயரை இறக்கி வைத்தான். அவனுடைய முகம் மாறிவிட்டது. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொல்லும்போது நம் முகம் எப்படிப் போகும், அப்படி. ரோச்சை எடுத்துச் சில்லின் ஓரமாக விரலை ஓட்டினான். விரல் ஒரு இடத்தில் தட்டியது.

"சிசிலி. இஞ்ச வா. தொடாத. பார்."

இரும்பின் விளிம்பில், சின்ன விரல் நீளத்துக்கு, சாம்பல் நிறத்தில் ஒரு தகடு கவ்விக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்கு அடுத்து மூன்றாவது. மற்றச் சில்லுகளையும் பார்த்தான். ஒன்றில் ஒன்று, ஒன்றில் இரண்டு, மற்றதில் ஒன்று. ஒரு ஒழுங்கும் இல்லை. எல்லாவற்றிலும் இலக்கம் பொறித்திருந்தது.

கடற்காரன் பிள்ளைக்கு ஈயத்தைச் சொல்லித் தரவேண்டுமா? நகத்தால் கீறிப் பார்த்தான். ஈயம்தான். வலையின் அடிக்கயிற்றில் கட்டுகிற அதே ஈயம்.

"ஈயம் எதுக்குக் கட்டுறது? ஆழத்துக்கு இழுக்க. மனுசன்ர சில்லில ஈயத்தைக் கட்டி இலக்கமும் எழுதினால் அதுக்குப் பேர் என்ன?"

"என்ன?"

"செய்வினைத் தகடு."

"விசர்க்கதை."

"விசரோ? இலக்கத்துக்குப் பக்கத்தில ரெண்டு எழுத்துக் கிடக்கு. வாசி. M. அதுக்குப் பக்கத்தில C. M எண்டால் ஆர்? மகேந்திரராசா. ஏப்ரலில ரயரைக் கழட்டினது ஆர்? வீட்டில பஞ்சாங்கம் வைச்சிருக்கிறது ஆர்?"

"புஷ்பவதியக்கா பஞ்சாங்கம் வைச்சிருக்கிறது விரதத்துக்கு. சரி, M மகேந்திரண்ணை. அப்ப C ஆர்?"

எமிலியானுஸ் அவளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தான்.

"அதைப் பேந்து பாப்பம்," என்றான்.

அன்று முழுக்கச் சிசிலி அவனோடு கதைக்கவில்லை.

தகடுகள் மொத்தம் ஏழு. ஸ்குறூ ட்ரைவரால் நெம்பி, குறட்டால் இழுத்துக் கழற்றினான். வெறுங்கையால் தொடவில்லை, சிசிலியின் கறிச்சட்டி பிடிக்கிற துணியால் பிடித்தான். கழற்றியதை உப்போடு சேர்த்துப் உடுத்துக் கிழிந்த பழைய சாரத் துண்டில் முடிந்தான். இனி ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும். கத்தோலிக்கன் இதையெல்லாம் நம்பலாமா என்று கேட்காதீர்கள். நம்பவில்லை என்றுதான் அவனும் சொன்னான். நம்பாவிட்டாலும் வீட்டில் வைத்திருக்க முடியாது என்றான்.

ஆறு எங்கே தூரமாக ஓடுகிறது? எங்கள் நகரம் ஆற்றுக்கு நடுவே ஒரு தீவு. அதன் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. காரில் கொண்டுபோகக் கூடாது, காரைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மெட்றோவும் பஸ்ஸுமாக ஏறி இறங்கி, முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு மணித்தியாலம் போனான். பாலத்தடியில் நின்று பரலோக மந்திரம் சொல்லி எறிந்தான். திரும்பிப் பாராமல் வந்துவிட்டான். வீட்டுக்கு வந்து, நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினான்.

சிசிலிக்கு அந்த ஊர்க் கல்லூரியின் குசினியில்தான் வேலை. அந்த ஆற்றைத் தினமும் பார்க்கிறவள்.

"எங்க எறிஞ்சனீங்கள்?"

"உங்கட பாலத்தடியில."

"அந்தத் தண்ணி எந்தப் பக்கம் ஓடுது எண்டு பாத்தனீங்களோ?"

"எந்தப் பக்கம்?"

"கிழக்க. டோர்வலுக்கு. பேந்து இஞ்சாலதான் வருது. தீவு முழுக்கச் சுத்தி எங்கட வாசலடியால கொண்டுபோகும்."

ஒரு சப்பாத்துக் காலில், ஒன்று கையில். அந்தக் கோலத்திலேயே எழும்பி யன்னலால் வாசலை எட்டிப் பார்த்தானாம்.

"அதுசரி," என்றாள் சிசிலி, "ஈயம் எங்கயும் மிதக்குமே, பேசாலையார்?"

பதின்மூன்றாம் தேதி, சனிக்கிழமை, ரயர் பூட்டுகிற நாள். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினான். நான் யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டேன். தொலைக்காட்சியில் அன்றைக்கு இதைவிட நல்லது ஒன்றும் இல்லை. கார்ப் புத்தகம் பிரெஞ்சில். அதற்குப் பக்கத்தில் அகராதி. இரண்டும் பனியில் நனையாமல் இருக்கக் குடை. கழற்றிய நட்டுகளுக்கு நம்பர் எழுதி முட்டைப் பெட்டிக்குள் அடுக்கினான். ஒரு நட்டை இன்னொரு நட்டின் இடத்தில் யாரும் மாற்றி வைத்துவிடக் கூடாதல்லவா? குப்பை போட வந்த மகேந்திரராசா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். எமிலியானுஸ் சில்லுக்கு முன்னால் போய் மறைத்துக்கொண்டு நின்றான்.

"எமில், சுத்திவர இறுக்காத. குறுக்க குறுக்க இறுக்கு. அப்பத்தான் சில்லு நேர இருக்கும்."

"தெரியும் அண்ணை."

அவர் உள்ளே போனதும், அவர் சொன்னதற்கு நேர்மாறாகச் சுற்றிவர இறுக்கினான். நாலு சில்லையும் அப்படி இறுக்கி முடித்த பிறகுதான் புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்தது. அகராதியைப் புரட்டினான். குறுக்கே குறுக்கே இறுக்கவும் என்று எழுதியிருந்தது. அகராதியின் முன் அட்டையைத் திருப்பி, அதை அச்சடித்தது யார் என்று பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டினான். மூன்று மணிக்கு வேலை முடிந்தது. இருபது நிமிட வேலை.

அடுத்த நாள் ஞாயிறு. பூசைக்குப் போகும்போது காரையும் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று நெடுஞ்சாலையில் ஏற்றினான். அறுபதில் ஒன்றும் தெரியவில்லை. எண்பதில் ஸ்ரியறிங் குளிர் காய்ச்சல்காரனின் கைபோல நடுங்கத் தொடங்கியது. தொண்ணூறில் காரே நடுங்கியது. கண்ணாடியில் தொங்கிய செபமாலை ஊஞ்சலாடியது. சிசிலி அதைக் கழற்றிக் கையில் வைத்துச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"பாத்தியோ? தகட்டை எடுத்தும் விடேல்லை. ஆழமா வைச்சிருக்கிறான்."

"மெதுவா ஓடுங்கோ! அருள் நிறைந்த மரியாயே… வலப்பக்கம் எடுங்கோ!"

பூசை முடிந்து வெளியே வந்தார்கள். கோயில் முற்றத்தில் கார்கள் வரிசையாக நின்றன. எமிலியானுஸின் பார்வை தானாகவே சில்லுகளுக்குப் போனது. பங்குச் சுவாமியின் காருக்கும் குளிர்கால ரயர் பூட்டியிருந்தது. குனிந்தான். சில்லின் விளிம்பில் ஒரு தகடு. ஈயம். இலக்கம்.

"சிசிலி… சுவாமிக்கும் வைச்சிட்டான்."

அடுத்த காருக்குப் போனான். அதிலும். அதற்கடுத்ததிலும். நத்தார்ப் பாட்டுப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டு இவனைப் பார்த்தார்கள்.

"ஊர் முழுக்க வைச்சிருக்கிறான்!"

"ஊர் முழுக்க வைக்க அந்த மனுசனுக்கு நேரம் எங்கால?" என்றாள் சிசிலி. "ஈயம் எங்கால? குப்பை போட வெளியில வரவே நாரி நோகுது, நிமிரேலாது எண்டு சொல்லுறவர்."

எமிலியானுஸ் சின்ன வீதிகளால் நாற்பதில் உருட்டிக்கொண்டு வந்து ஒழுங்கையில் நிறுத்தினான். இறங்கியதும் நேரே போய், மகேந்திரராசாவின் வெள்ளைக் காருக்குப் பக்கத்தில், பூசைக்குப் போட்ட காற்சட்டையோடு பனியில் முழங்காலில் நின்று குனிந்தான்.

நாலு சில்லிலும் இருந்தது. எண்ணினான். பதினொன்று. அவனுடையதைவிடக் கூட.

"என்ன எமில், என்ர ரயரையும் தொட்டிக்க முக்கப் போறியோ?"

மகேந்திரராசா பின்கதவில் நின்றார். குளியல் தொட்டிக் கதையைச் சிசிலி புஷ்பவதிக்குச் சொல்லியிருந்தாள். எமிலியானுஸ் எழும்பவில்லை.

"அண்ணை, உது… உந்த ஈயம் என்னத்துக்கு?"

"பலன்ஸுக்கு. சில்லு ஒருபக்கம் பாரமாயிருந்தால் மற்றப் பக்கம் ஈயம் வைச்சுச் சரிக்கட்டுவினம். மெசினில சுத்திப் பாத்து வைக்கிறது. அதில கிடக்கிற இலக்கம் நிறை, எழுத்து ஈயத்தின்ர வகை. இல்லாட்டிக் கார் நடுங்கும்." அவர் சாம்பல் காரின் சில்லைப் பார்த்தார். நிமிர்ந்தார். "உன்ர ஈயம் எங்க?"

படியில் நின்ற சிசிலிக்கு வாயை அடக்க முடியவில்லை.

"ஆத்தில எறிஞ்சிட்டார் அண்ணை. நீங்கள் செய்வினை வைச்சனீங்கள் எண்டு."

அவர் ஏசுவார் என்று நான் நினைத்தேன். ஏசவில்லை. கையிலிருந்த குப்பைப் பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நானோ?" என்றார்.

அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குப்பைப் பை வாசலிலேயே இருந்தது. பிறகு எமிலியானுஸ்தான் அதைக் கொண்டுபோய்ப் போட்டான்.

திங்கள் விடிந்தது. அக்னெஸ் அப்போது கடலுக்கு மேலே எங்கேயோ வந்துகொண்டிருந்தாள். எமிலியானுஸ் விடிந்ததிலிருந்து கராஜ் கராஜாகத் தொலைபேசி எடுத்தான். சட்டத்துக்குக் கடைசி நாள். கியூபெக் முழுக்க ரயரோடு வரிசையில் நின்றது. ஒருவன் இருபத்திரண்டாம் தேதி வா என்றான், ஒருவன் ஜனவரி என்றான், ஒருவன் சிரித்துவிட்டு வைத்தான். கழற்றிய கோடை ரயரைத் திரும்பப் பூட்டினால் சட்டமும் விடாது, தெருவில் கிடந்த பனியும் விடாது. பதினேழு வருடம் காத்திருந்தவளை நடுங்குகிற காரிலா ஏற்றுவது? பதினொரு மணிக்குத் தொலைபேசியை வைத்துவிட்டு, "டக்ஸிக்குச் சொல்லு," என்றான். சிசிலி எடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லையாம்.

அப்போது ஒழுங்கையில் ஒரு சத்தம் கேட்டது. கிறீச், கிறீச் என்று. ஜாக்கிச் சத்தம்.

எமிலியானுஸ் யன்னலுக்கு ஓடினான். அவனுடைய கார் ஒருபக்கம் உயர்ந்து நிற்கிறது. மகேந்திரராசா அதற்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருக்கிறார். இவ்வளவு நடந்தபிறகும் பிள்ளைகளே, அவனுக்கு முதலில் வந்தது என்ன நினைப்பு என்று சொல்லவா? சில்லைக் கழற்றிக்கொண்டு போகிறார் என்றுதான். கட்டியிருந்த சாரத்தோடு, வீட்டுச் செருப்போடு, பனியில் பாய்ந்து இறங்கினான்.

"அண்ணை! என்ன செய்யுறியள்?"

"உன்ர காருக்குத் தகடு வைக்கிறன்," என்றார் மகேந்திரராசா தலை நிமிராமல். "பதினொண்டு. நேற்று எண்ணினனிதானே?"

அப்போதுதான் எமிலியானுஸ் வெள்ளைக் காரைப் பார்த்தான். அதற்கு ஒரு சில்லும் இல்லை. நாலு மரக்கட்டையில் நின்றது. நாலு சில்லும் சாம்பல் காருக்குப் பக்கத்தில் வரிசையாகச் சாத்தியிருந்தன.

"ரெண்டும் ஒரே கார். அளவு ஒண்டுதான். நீதானே நான் வாங்கினதைப் பாத்து வாங்கினனி?"

"உங்கட கார்?"

"நிக்கட்டும். கராஜில உன்ர சில்லைச் சரிக்கட்டித் தாற மட்டும் நான் மெட்றோவில போறன். அந்த நட்டை எடு. நம்பர் பாக்காத, எது கிடைச்சாலும் எடு."

எமிலியானுஸ் எடுத்துக் கொடுத்தான். அவர் பூட்டினார், குறுக்கே குறுக்கே இறுக்கினார். இரண்டு சில்லு முடிந்தபிறகு எமிலியானுஸுக்கு வாய் வந்தது.

"அண்ணை, செப்ரெம்பரில இருந்து நீங்கள் என்னோட கதைக்கேல்லை. அதுதான் நான்…"

"கதைக்கத்தான் நினைச்சன். உன்ர அக்கான்ர அலுவல் எந்தளவில கிடக்கு எண்டு கேக்க வாய் எடுத்தால் எனக்கு என்ர தம்பீன்ர முகம் வரும். படியில நிண்டு அழுறதோ, இந்த வயசில?" அவர் ஜாக்கியை இறக்கினார். "அவன் வரமாட்டான். அதுக்காண்டி வாறவை வரக்கூடாதோடா? ஒராளாவது வந்து இறங்கிறதைப் பாப்பம்."

எமிலியானுஸ் முகத்தைச் சாரத்து நுனியால் துடைத்தான். கால் விறைத்துப்போயிருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை.

"அப்ப நீங்களும் வாங்கோ அண்ணை. எயாப்போட்டுக்கு."

"நான் எதுக்கு?"

"வாங்கோ."

பின்கதவால் எட்டிப் பார்த்த புஷ்பவதி, "முதல்ல அந்தப் பிள்ளை ஒரு காற்சட்டையைப் போடட்டும்," என்றாள்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்தொன்பது நிமிடம் எடுத்திருந்தது.

நெடுஞ்சாலையில் எண்பது ஓடினான், தொண்ணூறு ஓடினான். செபமாலை ஆடவில்லை. அவன் ஸ்ரியறிங்கைப் பிடித்த பிடியை மட்டும் தளர்த்தவில்லை என்று பின் இருக்கையில் இருந்த சிசிலி சொன்னாள்.

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில் அக்னெஸ் வந்தாள். சின்ன உருவம், இரவல் குளிர்ச்சட்டை, நைலோன் கயிற்றால் ஏழு சுற்றுச் சுற்றிய பெட்டி. எமிலியானுஸ் ஓடிப்போய்க் கையை நீட்டினான். அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீ ஆர்?"

"அக்கா, நான் எமில்."

"எமில் மெல்லிசு. உனக்கு வயிறு வண்டி வைச்சிருக்கு. இடக் காதைக் காட்டு."

அவ்வளவு சனத்துக்கும் நடுவே நாற்பது தாண்டிய மனிதன் குனிந்து காதைக் காட்டினான். அவள் காதை மடித்துப் பார்த்தாள். தூண்டில் கொழுவிக் கிழிந்த தழும்பு அங்கே இருந்தது. விரலால் ஒருமுறை தடவினாள். அதன்பிறகுதான் பெட்டியை விட்டாள். அதன்பிறகு இருவரும் அழுத அழுகையை நான் சொல்லப் போவதில்லை, நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

மகேந்திரராசா கொஞ்சம் தள்ளி நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சிசிலி சிரித்துக்கொண்டே அவருக்குச் சொன்னாளாம்: "இப்ப விளங்குதோ அண்ணை, இவர் எங்க படிச்சதெண்டு?"

கார் நிற்கிற இடத்துக்கு வந்தார்கள். எமிலியானுஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பதினேழு வருடமாக அவன் நினைத்திருந்த நிமிடம் அது. அக்னெஸ் ஏறவில்லை. காரைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். முன் சில்லுக்குப் பக்கத்தில் நின்றாள். குனிந்தாள்.

"எடேய். உதென்ன சில்லில ஈயம் கட்டிக் கிடக்கு?"

எமிலியானுஸ் மகேந்திரராசாவைப் பார்த்தான். அவரும் பார்த்தார். சிசிலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கார் நடுங்காமல் ஓடுறதுக்கு அக்கா."

"ஆர் கட்டினது?"

"இந்த அண்ணைதான். கீழ் வீட்டு அண்ணை. அவற்ற சில்லைக் கழட்டித் தந்தவர்."

அக்னெஸ் மகேந்திரராசாவை மேலும் கீழும் பார்த்தாள். இரண்டு தரம் பார்த்தாள். பிறகு கயிறு சுற்றிய அந்தப் பெட்டியை அவர் கையில் கொடுத்தாள். கொழும்பிலிருந்து ஒருவரிடமும் கொடுக்காத பெட்டி.

"கவனமாப் பிடியுங்கோ தம்பி," என்று சொல்லிவிட்டு ஏறி இருந்தாள்.

தேத்தண்ணி முடிந்துவிட்டதா? சரி, எழும்புங்கள் பிள்ளைகளே, பனி கூடுவதற்கு முன்னர் வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டு வண்டி எந்த மாரியிலும் நடுங்காமல் ஓடட்டும். நீங்கள் காத்திருக்கிற ஆட்கள் ஒரு நாளாவது உங்கள் வாசலில் வந்து இறங்கட்டும். கீழ் வீட்டில் கதைக்காமல் ஒரு மனிதர் இருந்தால், அவர் கதவையும் உங்கள் கதவையும் ஆண்டவர் ஒரே நாளில் திறந்து வைக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், கட்டில் குளிராமல், உள்ளே இருக்கிற எல்லாரும் சுகமாய் இருங்கள்.